விலகும் வழியையும் வாசலிலேயே வையுங்கள்

மருந்து விற்கும் செயலி நிறுவனமொன்றின் தலைமை நிர்வாகி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் செயலியில் 'டார்க் பேட்டர்ன்', அதாவது வாடிக்கையாளரை அறியாமல் சிக்கவைக்கும் வடிவமைப்புத் தந்திரம், எதுவும் இல்லை என்று சுய தணிக்கை செய்து உறுதிப்படுத்திவிட்டதாக நீங்கள் வெளியிட்ட அறிவிப்பைப் படித்தேன். மகிழ்ச்சி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் கொண்டுவந்த வழிகாட்டு நெறிமுறைகள், அதில் பட்டியலிட்டிருக்கும் 13 வகைத் தந்திரங்கள், மூன்று மாதத்துக்குள் தணிக்கை செய்யுமாறு 2025 ஜூனில் வந்த அறிவுறுத்தல் எல்லாம் உங்கள் சட்டப் பிரிவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். தணிக்கை செய்தவர்கள், உறுப்பினர் திட்டத்திலிருந்து விலகும் பக்கத்தைத் திறந்து பார்த்தார்களா?

என் அத்தை தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கருவூலத்துக்குப் போகும் சம்பளப் பட்டியலில் பைசா பிசகாமல் கணக்குப் பார்த்தவர். சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் மாதாமாதம் உங்களிடம்தான் வாங்கிக்கொண்டிருந்தார். பணம் கட்டும் இடத்தில் நீங்களே டிக் போட்டு வைத்திருந்த ஒரு சிறு கட்டம் வழியாக உங்கள் 'நல்வாழ்வு உறுப்பினர்' ஆனார். முதல் மாதம் இலவசம். அடுத்த மாதத்திலிருந்து, கணக்கிலிருந்து தானாகவே பிடிக்கும் ஆட்டோபேயில் பணம் போனது.

பணம் போவது அவருக்குத் தெரியாமல் இல்லை. பிடித்தம் செய்வதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தி வந்தது, படித்தார், விலகப் பார்த்தார். 'உதவி'க்குள் போய், அதற்குள் 'என் திட்டம்' போய், அடியில் சாம்பல் நிறப் பொடியெழுத்தைக் கண்டுபிடித்து அழுத்தினால், கடைசியில் இரண்டு பொத்தான்கள். பச்சையில் பெரிதாக, 'ஆம், தொடர்கிறேன்'. கீழே, 'வேண்டாம், என் உடல்நலத்தில் எனக்கு அக்கறை இல்லை'.

அத்தை அங்கேயே நின்றுவிட்டார். ஒவ்வொரு மாதமும் அங்கேயே நின்றிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "அதை எப்படிடா தொடறது? வாய்ல வரக் கூடாத வார்த்தை இல்லையா?" என்றார். மாமா போன பிறகு 'மாத்திரை தீர்ந்துபோச்சு' என்றுகூடச் சொல்லாதவர், 'மாத்திரை வாங்கணும்' என்றுதான் சொல்வார். தன் உடம்பைப் பற்றித் தானே அப்படி ஒரு வாக்குமூலம் கொடுப்பதைவிட, மாதம் 149 ரூபாய் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார். எங்கள் யாரிடமும் சொல்லவும் இல்லை. இத்தனை படித்தும் ஒரு பொத்தானை அழுத்தத் தெரியவில்லையே என்று நாங்கள் நினைத்துவிடுவோமாம்.

இந்தப் பொத்தானை எழுதியவருக்கு மனித மனம் நன்றாகத் தெரியும் ஐயா. அந்தத் திறமையை நான் மறுக்கவில்லை. கிடைக்கிற நூறு ரூபாயைவிடக் கைவிட்டுப் போகிற நூறு ரூபாய் அதிகம் வலிக்கும் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவிட்டார்கள். முன்கூட்டியே போட்டு வைத்த டிக்கின் பலமும் தெரிந்த கதைதான். உடல் உறுப்பு தானத்துக்குச் சம்மதம் தெரிவித்தவர்களாகக் கணக்கில் வருபவர்கள் ஜெர்மனியில் 12 சதவீதம், பக்கத்து ஆஸ்திரியாவில் 99 சதவீதத்துக்கும் மேல் என்று 2003-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆஸ்திரியர்களுக்கு மனம் பெரியது என்பதல்ல காரணம். அங்கே ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே சம்மதம் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. மனிதர்களை மெல்லத் தூண்டும் இந்த வித்தையை ஆராய்ந்து 2017-இல் நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர், தன் புத்தகத்தில் கையெழுத்துக் கேட்பவர்களுக்கு 'நல்லதற்காகத் தூண்டுங்கள்' என்று எழுதிக் கொடுப்பாராம். உங்கள் ஆட்கள் அந்தப் புத்தகத்தின் மீதிப் பக்கங்களையெல்லாம் படித்திருக்கிறார்கள்.

அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் நீங்கள் எந்த எண்ணைக் கேட்கிறீர்களோ, அந்த எண்ணுக்காகத்தான் அவர்கள் வரைவார்கள். 'எத்தனை பேர் விலகாமல் இருக்கிறார்கள்' என்று மட்டும் கேட்டால், கதவைச் சுவராக்குபவருக்குத்தான் சம்பள உயர்வு. விருப்பப்பட்டு இருப்பவரும் வழி தெரியாமல் இருப்பவரும் அந்த எண்ணில் ஒன்றுதான். அமெரிக்காவில் அமேசான் பிரைமிலிருந்து விலகும் வழிக்கு நிறுவனத்துக்குள்ளேயே 'இலியட்' என்று பெயர் வைத்திருந்ததாக அந்நாட்டு வணிக ஆணையம் வழக்கில் சொன்னது. அது ஒரு நெடும்போரைப் பாடும் கிரேக்கக் காவியம். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்குச் சமரசமானார்கள். உங்கள் அலுவலகத்தில் என்ன பெயர், கம்பராமாயணமா?

ஆகவே கேட்பது இதுதான்: ஒரு தட்டலில் சேர முடிகிறதென்றால் ஒரு தட்டலில் விலகவும் முடிய வேண்டும்.

நீங்கள் மட்டும்தான் இப்படி என்று சொல்லமாட்டேன். விடுதி அறை தேடினால் 'இன்னும் 2 அறைகளே', சேலை பார்த்தால் '14 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்', சில காலம் முன்புவரை சினிமா டிக்கெட் எடுத்தால் கேட்காமலேயே நம் கணக்கில் ஒரு ரூபாய் தருமம் போனது. அரிசி மண்டிக்காரர்கூட முகத்துக்கு நேரே பேசித்தான் விலை ஏற்றுவார்; 'வேண்டாம்' என்று திரும்பி நடந்தால் சாபம் விடமாட்டார். நாளைக்குச் சுடுகாட்டுக்கும் ஒரு செயலி வரும், அதிலும் 'முதல் மாதம் இலவசம்' என்றிருக்கும்...

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். உங்கள் நேரம் அரிது என்று தெரியும்.

அத்தையின் ஆட்டோபேயை யூபிஐ செயலி வழியாக நானே நிறுத்திவிட்டேன். பிடித்த பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்பதை தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிந்திருக்கும் புகார் பார்த்துக்கொள்ளும். இந்த மடல் அதற்காக இல்லை. அந்த வாக்கியத்தை இன்றே எடுத்துவிடுங்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த இடத்தில் 'விலகுகிறேன்' என்ற ஒரு சொல் போதும். 'சேர்கிறேன்' இருக்கும் அதே பக்கத்தில், அதே அளவில், அதே பச்சையில் இருக்கட்டும். நீங்களே டிக் போட்ட கட்டத்தின் வழியாக வந்தவர்களிடம், இருக்க விருப்பமா என்று ஒரு முறை தமிழிலேயே கேட்டுவிடுங்கள். எத்தனை பேர் இல்லை என்றார்கள் என்பதை உங்கள் அடுத்த தணிக்கை அறிவிப்பில் வெளியிட முடிந்தால், மிக்க நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் 'நல்வாழ்வு உறுப்பினர்' ஒருவரின் அண்ணன் மகன்