தாத்தாவின் தீபாவளிப் பணமும் பேரனின் வண்டியும்

டப்ளின், கலிபோர்னியா
21 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

இங்கே மூவரும் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? நாளைக்கு நவராத்திரி ஆரம்பம். மூன்று படிதான் வைக்கிறேன். பொம்மைக்குப் பஞ்சம், அதனால் கீழ்ப்படியில் கவினின் பழைய கார்கள் வரிசையாக நிற்கின்றன.

ஏன் திடீரென்று கடிதம் என்று நினைப்பீர்கள். போனை எடுத்தாலே கவின் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறான், இந்த விஷயத்தை அவன் காதுபட முழுசாகப் பேச முடியவில்லை. தீபாவளிக்கு அவனுக்கு இ-பைக், அதாவது மோட்டார் வைத்த சைக்கிள், வாங்கப் பணம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறீர்களாம். பள்ளிக்கூடம் பூராவும் சொல்லிவிட்டான். அனுப்புவதற்கு முன்னால் இதை ஒரு தரம் படித்துவிடுங்கள்.

“நீயே அதில்தானே ஆபீஸ் போகிறாய், பையனுக்கு மட்டும் ஏன் வேண்டாம்” என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். நான் ஓட்டுவதும் அவன் கேட்பதும் ஒரே வண்டி இல்லை என்பதுதான் பதில். ஆனால் கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் சொல்லி விற்கிறார்கள்.

நான் போவது அயர்ன் ஹார்ஸ் டிரெயில் என்கிற பாதையில். 1891இல் போட்ட ரயில் பாதை அது. 1970களின் கடைசியில் ரயில் நின்றுபோக, தண்டவாளத்தை எடுத்துவிட்டு அந்த நீள நிலத்தைக் கூறுபோட்டு விற்காமல் நடக்கவும் சைக்கிள் விடவும் பாதையாக்கிவிட்டார்கள். நம் மன்னார்குடியில் பிடுங்கின தண்டவாளத்தை 2011இல் திரும்பப் போட்டு ரயில் விட்டார்கள், இங்கே அது நடக்கவில்லை. வடக்கே கான்கார்டிலிருந்து தெற்கே பிளசன்டன் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ரயில் போன தடம் என்பதால் பெரிய ஏற்ற இறக்கமே கிடையாது. டப்ளினில் பார்ட் ரயில் நிலையத்தை ஒட்டி ஏறினால் சான் ரமோனில் என் ஆபீஸ் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அகலம் ஒரு கார் போகிற அளவுதான். அதற்குள்தான் நடப்பவர்கள், ஓடுபவர்கள், குழந்தை வண்டி தள்ளுபவர்கள், நாய், சைக்கிள், குதிரை எல்லாம். ஆமாம், குதிரையும்தான். டான்வில், அலமோ பக்கம் வீட்டில் குதிரை வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் 35 வருஷம் மின்வாரியத்தில் இருந்தவர், அதனால் வாட்ஸிலிருந்தே சொல்கிறேன். நம் ஊரில் 250 வாட்ஸுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம். கலிபோர்னியாவில் அந்த வரம்பு 750 வாட்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற நம் வீட்டு ஒரு ஹெச்பி மோட்டாரை சைக்கிளில் மாட்டியது போல. அதற்குள் மூன்று வகுப்பு பிரித்திருக்கிறார்கள். 2016இலிருந்து இந்தச் சட்டம். முதல் வகுப்பு வண்டியில் நாம் மிதித்தால்தான் மோட்டார் கூட மிதிக்கும், மணிக்கு 32 கிலோமீட்டர் வந்ததும் நின்றுவிடும். இரண்டாம் வகுப்பில் ஸ்கூட்டர் மாதிரி கையால் திருகுகிற த்ராட்டில் உண்டு, மிதிக்காமலும் போகலாம், வேகம் அதே 32தான். மூன்றாம் வகுப்பு மிதித்தால் 45 வரை போகும். அதை ஓட்ட 16 வயது ஆகியிருக்க வேண்டும், எந்த வயதானாலும் ஹெல்மெட் கட்டாயம். மற்ற இரண்டுக்கும் 18 வயதுக்குக் கீழே இருந்தால்தான் கட்டாயம், ஆனாலும் நான் போட்டுக்கொள்ளாமல் ஏறுவதில்லை. அம்மா கவலைப்பட வேண்டாம்.

என்னுடையது முதல் வகுப்பு. ஒரு தரம் முழுக்க சார்ஜ் ஏற்ற அரை யூனிட் ஆகும். இங்கே யூனிட் 40 சென்ட்டுக்கு மேலே, நம் கணக்கில் 35 ரூபாய்க்குக் குறையாது. முதல் நூறு யூனிட் இலவசம் என்கிற பேச்செல்லாம் இங்கே எடுபடாது. இருந்தாலும் பெட்ரோலோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

எங்கள் பாதையில் முதல் இரண்டு வகுப்புக்கு மட்டும்தான் அனுமதி. வேகம் மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர். வண்டியால் 32 போக முடியும் என்பதால் 32 போகலாம் என்று அர்த்தமில்லை. சாதா சைக்கிள்காரருக்கும் அதே 24தான். தார் போடாத மலைப்பாதைகளுக்கு விதி வேறு, சிலவற்றில் மின் வண்டியே கூடாது, அந்தந்த வாசலில் உள்ள பலகையைப் பார்த்துத்தான் நுழைய வேண்டும். டயாப்லோ மலைப் பக்கம் போகிறவர்கள் இதில்தான் தகராறு செய்துகொள்கிறார்கள்.

போலீஸ் என்னமோ அபூர்வமாகத்தான் கண்ணில் படும். பாதை நடப்பதெல்லாம் மனிதர்களின் பழக்கத்தால்தான். நம் கடைத்தெருக் கணக்கு உங்களுக்குத் தெரியும்: பஸ்ஸுக்கு லாரி பயப்படாது, லாரிக்குப் பைக் பயப்படும், எல்லாவற்றுக்கும் நடந்து போகிறவன் பயப்பட வேண்டும். இங்கே பாதையில் அதைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். சைக்கிள்காரர் நடப்பவருக்கு வழிவிட வேண்டும். சைக்கிள்காரரும் நடப்பவரும் குதிரைக்கு வழிவிட வேண்டும். மோட்டார் வைத்த சைக்கிளுக்குத் தனிச் சலுகை ஏதும் கிடையாது, கடைசி இடம்தான். இருபத்தைந்து கிலோ வண்டி, மேலே ஓர் ஆள். பிரேக் பிடித்தால் சாதா சைக்கிள் நிற்கிற இடத்தில் நிற்காது என்பதை ஓட்டுகிறவன்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

குதிரை விஷயம் கொஞ்சம் வேடிக்கை. பின்னால் ஓசையில்லாமல் வருகிற எதையும் குதிரை புலி என்றுதான் நினைக்கும் போலிருக்கிறது. மணி அடித்தாலும் மிரளும். அதனால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, ஓட்டுகிறவரிடம் வாயால் பேச வேண்டும். “குட் மார்னிங், பின்னால் சைக்கிளில் வருகிறேன், தாண்டலாமா?” என்று சாதாரணக் குரலில். மனிதக் குரல் கேட்டால் குதிரை அடங்கிவிடுகிறது. நில் என்றால் நிற்க வேண்டும், அவர் கை காட்டினபிறகு மெதுவாகத் தாண்ட வேண்டும். ஆபீஸுக்கு நேரமாகிறதே என்று மனசு அடித்துக்கொண்டாலும் இதில் அவசரம் காட்ட முடியாது.

நடப்பவர்களைத் தாண்டுவது வேறு மாதிரி. எல்லோரும் வலது ஓரம், தாண்டுகிறவர் இடது பக்கம். தாண்டும் முன் மணி, பிறகு “ஆன் யுவர் லெஃப்ட்” என்று ஒரு குரல். இதில் ஒரு சங்கடம். அதை முதல் தடவை கேட்கிறவர்கள் லெஃப்ட் என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு நேரே இடது பக்கம் வந்து நிற்பார்கள். அதனால் தூரத்திலேயே மணி அடித்து, அவர்கள் திரும்பிப் பார்த்த பிறகுதான் நான் வாயைத் திறப்பது. தாண்டும்போது நடக்கிற வேகத்துக்கு வந்துவிட வேண்டும். நாய் கயிறு பாதைக்குக் குறுக்கே நீண்டிருக்கும், சாயங்கால வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் சான் ரமோன் பக்கம் போனால் பாதி மன்னார்குடியைப் பார்க்கலாம். பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் வந்திருக்கிற அப்பா அம்மாக்கள் புடவையும் ஸ்வெட்டரும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக நான்கு பேர் கைகோத்த மாதிரி பாதையை அடைத்துக்கொண்டு வருவார்கள். ஊர்ப் பழக்கத்தில் இடது பக்கமாகவே நடப்பார்கள். அவர்களிடம் இங்கிலீஷில் கத்திப் பிரயோஜனமில்லை. “அம்மா, பின்னாடி சைக்கிள் வருது” என்றால் போதும், ஒதுங்கிவிட்டு எந்த ஊர் என்று கேட்டு நிறுத்தியும் வைத்துவிடுவார்கள். அடுத்த வருஷம் நீங்கள் வரும்போது வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக. இப்போதே அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு சைக்கிள் விடக்கூடாது என்பதும் சட்டம்தான், ஒரு காதில் மாட்டலாம். இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கு வேண்டும். நவம்பரில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிட்டால் ஐந்து மணிக்கே இருட்டு, அப்போதிலிருந்து நான் விளக்கோடுதான்.

இப்போது கவின் கேட்கிற வண்டிக்கு வருகிறேன். தடித்த டயர், நீளமான சீட், பெயருக்கு ஒரு பெடல். அவன் சிநேகிதன் ஒருவன் வைத்திருக்கிறான். த்ராட்டிலைத் திருகினால் 32 இல்லை, போனில் ஒரு ஆப்பைத் தட்டினால் 50ஐத் தாண்டுகிறது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அப்படிப் போகிற வண்டி சட்டப்படி இ-பைக்கே இல்லை அப்பா. மோட்டார் வாகனம். லைசென்ஸ் வேண்டும், 14 வயதுப் பையனுக்கு அது கிடைக்காது, டிரெயிலில் ஏற்றவும் கூடாது. வேகத்தைக் கூட்டுகிற சாமான் விற்பதற்கே இந்த வருஷம் ஜனவரியிலிருந்து தடை. வருகிற ஜனவரியிலிருந்து பேட்டரியும் தரச்சோதனை முடித்ததாக இருந்தால்தான் விற்கலாம். தீப்பிடித்த கதைகள் அப்படி.

“மோட்டாரில் நேம் பிளேட்டைப் பார்க்காமல் கை வைக்காதே” என்று என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள். இங்கேயும் அதே. எந்த வகுப்பு, என்ன வேகம், எத்தனை வாட்ஸ் என்று வண்டியிலேயே சீட்டு ஒட்டியிருக்க வேண்டும், 2017இலிருந்து வந்த விதி. அந்தச் சிநேகிதன் வண்டியில் போய்ப் பார்த்தேன். சீட்டு இருந்த இடத்தில் மண்டையோட்டுப் படம் ஒட்டியிருக்கிறது.

எனக்கு ஆத்திரம் பையன்கள் மேல் இல்லை, அந்த வயசில் வேகம் பிடிக்கத்தான் செய்யும். 14 வயதுக்காரன் கையில் இதை இ-பைக் என்று சொல்லிக் கொடுக்கிறவர்கள் மேல்தான். இந்தப் பையன்கள் நான்கு பேர் பக்கத்தில் உரசிப் போனதும், நடக்க வருகிறவர்கள் மோட்டார் வைத்த சைக்கிள் எதுவுமே பாதையில் வேண்டாம் என்கிறார்கள். பாதையில் எந்த வகுப்பை விடலாம், வேண்டாம் என்பதை உள்ளூர் நிர்வாகம் மாற்றலாம். கோல்டன் கேட் பாலத்துக்கு அந்தப் பக்கம் மேரின் கவுன்டியில் 16 வயதுக்குக் கீழே த்ராட்டில் வண்டியே கூடாது என்று ஆக்கக் கேட்டுச் சட்டசபையிலேயே அனுமதி வாங்கிவிட்டார்கள். இங்கேயும் அப்படி வந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் முதல் வகுப்பு வண்டியையும் அதோடு சேர்த்து இறக்கிவிட்டால் திரும்பக் காரில்தான் போக வேண்டும்.

அதனால் நானும் உங்கள் மாப்பிள்ளையும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். முழுப் பரீட்சை லீவு வரை சாதா சைக்கிளில் என்னோடு சனிக்கிழமைகளில் டான்வில் வரை வர வேண்டும். மணி அடித்துத் தாண்டுவது, குதிரைக்கு நிற்பது, எதிரே ஆள் வந்தால் வரிசைக்கு வருவது எல்லாம் சொல்லாமலே செய்கிறானா என்று பார்ப்போம். செய்தால் ஜூனில் முதல் வகுப்பு வண்டி, த்ராட்டில் இல்லாதது. அதற்குச் சட்டத்தில் வயது வரம்பு இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஒத்துக்கொண்டான்.

உங்களிடம் வந்து வேறு கதை சொல்வான். தாத்தா, அது வெறும் சைக்கிள்தான், எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்பான். எத்தனை வாட்ஸ், எந்த வகுப்பு, சீட்டைப் படம் எடுத்து அனுப்பு என்று மட்டும் கேளுங்கள். நான் கேட்டால் சண்டை, நீங்கள் கேட்டால் பதில் சொல்வான்.

பணத்தை இப்போது அனுப்ப வேண்டாம். ஜூனுக்குள் நீங்களே இங்கே வந்துவிடுவீர்கள், கடைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய் உங்கள் கையாலேயே வாங்கிக் கொடுங்கள். தீபாவளிக்கு அவனுக்குச் சட்டை எடுத்து அனுப்பினால் போதும், தோள் அளவு 17 அங்குலம் ஆகிவிட்டது.

அன்புடன்,
உங்கள் மகள்
செல்வி