பல் சிறுத்ததால் மூளை பெருத்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆதிமனிதனின் பல்லையும் மூளையையும் பற்றித் தங்கள் ஞாயிறு இதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை உயர்தர மாணவர்கள் வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதனாலேயே இதை எழுத வேண்டியிருக்கிறது. மனிதன் கல்லாயுதம் செய்தான், மெல்லும் வேலை குறைந்து பல் சிறுத்தது, தாடை ஒடுங்கியதால் கிடைத்த இடத்தில் மூளை வளர்ந்தது என்கிறது அக்கட்டுரை. திருகோணமலையில் கைமாறும் ரியூசன் குறிப்புகளிலும் இதே வரிதான். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தோண்டியெடுத்த எலும்புகள் அப்படிச் சொல்லவில்லை.

முதலில் அதிலுள்ள சரியான பாதியைச் சொல்லிவிடுகிறோம். மனிதப் பரிணாம ஆய்வாளர்களான கத்தரின் சிங்க், டானியல் லீபர்மன் ஆகியோர் 2016இல் ஆட்களை மெல்ல வைத்தே இதைப் பரிசோதித்தார்கள். உணவில் மூன்றில் ஒரு பங்கு இறைச்சியாக இருந்து, அதைக் கல்லால் சீவி, கிழங்கையும் இடித்துத் தின்றால், மெல்லும் தடவைகள் 17 வீதமும் மெல்லும் விசை 26 வீதமும் குறையும் என்று கண்டார்கள். இதற்கு நெருப்புக்கூடத் தேவையில்லை. ஆகவே கருவி பல்லின் சுமையைக் குறைத்தது என்பது ஏற்கத்தக்கதே. அதுதான் மூளைக்கு இடம் விட்டது என்பது நிற்காது.

ஹோமோ நலெடி என்ற அழிந்துபோன மனித இனத்தைப் பாருங்கள். தென்னாபிரிக்காவின் ரைசிங் ஸ்டார் குகையில் 2013இல் கண்டெடுத்து, 2015இல் அறிவித்தார்கள். மூளைக் கொள்ளளவு 465 முதல் 610 கன சென்ரிமீற்றர், ஏறத்தாழ ஒரு பெரிய தோடம்பழம். கடைவாய்ப் பற்களோ ஆரம்பகால ஹோமோ இனங்களுடையவற்றை விடச் சிறியவை. காலம் 335,000 முதல் 236,000 ஆண்டுகளுக்கு முன். பல் சிறுத்தால் மூளை வளரும் என்பது விதியானால் இந்த இனம் இருந்திருக்கவே கூடாது. நியண்டர்தால் மனிதன் மறுபக்கத்துச் சாட்சி: நம்முடையதற்குச் சமமான அல்லது அதனிலும் பெரிய மூளை, ஆனால் முன்பற்கள் நம்முடையவற்றை விடப் பெரியவை. அய்டா கோமெஸ்-ரோப்லெஸ் என்ற ஆய்வாளரின் குழு 2017இல் பல், மூளை இரண்டின் மாற்ற வேகத்தையும் ஒப்பிட்டது. மூளை சில கிளைகளில் பாய்ந்து வளர்ந்திருக்க, பற்கள் ஏறத்தாழ ஒரே சீராகவே மாறிவந்திருக்கின்றன. இரண்டும் கைகோத்து நடக்கவில்லை.

தாடைத் தசையின் மரபணு ஒன்று செயலிழந்ததுதான் மூளையை விடுவித்தது என்ற கருத்தும் 2004இல் வந்தது. அம்மாற்றம் 2.4 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்றார்கள். மறு ஆண்டே வேறொரு கணக்கீடு அதை 5.3 மில்லியன் ஆண்டுக்குத் தள்ளிவிட்டது. மூளை பெருக்கத் தொடங்கியது அதற்கு வெகுகாலம் பின்னர்தான்.

கட்டுரை தவறவிட்ட உண்மையான தொடர்பு பல்லின் அளவில் இல்லை, அது முளைக்கும் வயதில் இருக்கிறது. நிரந்தரப் பற்களில் முதற் கடைவாய்ப் பல் ரீசஸ் குரங்குக்கு ஏறத்தாழ 1.4 வயதிலும், சிம்பன்சிக்கு 3 முதல் 4 வயதிலும், நமக்கு 6 வயதிலும் வருகிறது. மூளையின் அளவும் இதே வரிசையில்தான் ஏறுகிறது. 1924இல் தென்னாபிரிக்காவில் கிடைத்த டாங் குழந்தை என்ற ஆதிமனித இனக் குழந்தையின் புதைபடிவத்தில் அந்தப் பல் அப்போதுதான் முளைத்திருந்தது. நம் கணக்கை வைத்து 6 வயது என்றார்கள். பின்னர் பல்லின் கடினமான மேலுறையாகிய மிளிரியில் படியும் வளர்ச்சிக் கோடுகளை ஆராய்ந்தபோது 3 முதல் 4 வயதுதான் என்று தெரிந்தது. அதாவது அதன் குழந்தைப் பருவம் சிம்பன்சியினுடையதைப் போலக் குறுகியது. மூளையோடு சேர்ந்து நீண்டது குழந்தைப் பருவம், அதைக் குறித்து வைத்திருப்பது பல்.

ஞானப்பல் முளைக்க இடமில்லாமைக்கும் மூளையே காரணம் என்று கட்டுரையின் ஓரப் பெட்டியில் இருந்தது. பல்லின் முடிப்பகுதி தாடைக்குள்ளேயே முழுதாக உருவாகிவிடுகிறது, முளைத்தபின் வளர்வதில்லை. தாடை எலும்போ சிறுவயதில் மெல்லும் விசைக்கேற்ப நீளும். மென்மையான உணவு தின்று வளர்ந்த தாடை குறுகி நிற்க, பல் பழைய அளவிலேயே வந்து முட்டுகிறது. மூளைக்கு இதில் பங்கு இல்லை.

பாடசாலைகளில் இதைச் செய்துபார்க்கலாம். பற்களின் சாந்து வார்ப்புகளும் பௌதிக ஆய்வுகூடத்து வேணியர் இடுக்கியும் போதும். பல்லின் முன்பின் நீளத்தையும் கன்னம்–நாக்குப் பக்க அகலத்தையும் அவற்றின் மிகப் பெரிய இடத்தில் மும்முறை அளந்து சராசரி எடுத்துப் பெருக்கிப் பரப்பைக் காணுங்கள். அருகுப் பற்களோடு உரசித் தேய்ந்த பல்லை விடுங்கள். அதில் நீளம் குறைவாகவே வரும், அகலம் அவ்வளவாக ஏமாற்றாது. மூளைக் கொள்ளளவுக்கு, உள்ளே பொள்ளலான மண்டையோட்டு மாதிரியில் முண்ணாண் நுழையும் பெருந்துளை வழியாகக் கடுகைக் கொட்டி, பின் அளவுச் சாடியில் ஊற்றுவார்கள். கடுகை எவ்வளவு தட்டி அமர்த்துகிறோமோ அவ்வளவுக்கு விடை மாறும், அதனால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஈயக் குண்டுகளுக்கு மாறினார்கள். வகுப்பில் எல்லோரும் ஒரே எண்ணிக்கையில் தட்டினால் ஒப்பிடலாம். பரப்பையும் கனவளவையும் நேரடியாக வகுத்து விகிதம் காண்பதுதான் மாணவர் அடிக்கடி விடும் பிழை. பரப்பின் வர்க்கமூலத்தையும் கனவளவின் கனமூலத்தையும் எடுத்த பிறகே ஒப்பிட வேண்டும்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுவதானால் கட்டுரையிலிருந்த அம்புக்குறிப் படத்தை நீக்கி, ஒரு புள்ளி வரைபடம் போடுங்கள்: கிடையச்சில் மூளைக் கொள்ளளவு, நிலையச்சில் கடைவாய்ப் பற்களின் பரப்பு. சுமார் 500 கன சென்ரிமீற்றர் மூளையும் மிகப் பெரிய கடைவாய்ப் பற்களும் கொண்ட, அழிந்துபோன ஆதிமனித இனமான பரந்த்ரோபஸ் பொய்சியையும், ஏறத்தாழ அதே மூளையளவும் சிறு பற்களும் கொண்ட நலெடியையும் அதில் கட்டாயம் குறியுங்கள்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர்கள் சிலர்,
திருகோணமலை.