விலை ஏறியது, ஏறியிருக்கிறது

மன்னார்குடி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லாரும் சௌக்கியம். சம்பா நடவு முடிந்துவிட்டது, அப்பாவை வீட்டில் பார்ப்பதே அபூர்வம்.

ஆபீஸ் மீட்டிங்கில் ஆங்கிலம் பேச வாயைத் திறந்தாலே டென்ஸ் தடுமாறுகிறது என்றாய். ஏதோ ஆப்புக்குப் பணமும் கட்டியிருக்கிறாயாம். பொழுதுபோக்கு என்ன, பிடித்த நிறம் என்ன என்றுதானே பேசச் சொல்கிறார்கள்? பிடித்த நிறத்துக்கு ஏது இறந்தகாலம்! பள்ளிக்கூடத்தில் டென்ஸ் அட்டவணையைக் கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளைகளைத்தான் வருஷக்கணக்கில் பார்த்தேனே. எழுந்து நின்று ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் முழிப்பார்கள். கூலி, விலை, உரிமை என்று பேச்சு போனால்தான் ‘எப்போது நடந்தது’ என்பது முக்கியமாகிறது. உன் ரூம்மேட் ஒடிசாக்காரர், அவர் வீட்டிலும் நெல் விவசாயம், தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆங்கிலம் பேசிப் பழக இதைவிட நல்ல துணை உனக்குக் கிடைக்காது.

நெல்லில் ஆரம்பி. சன்னரகத்துக்கு ஊக்கத்தொகையும் சேர்த்து அரசு கொள்முதல் விலை குவிண்டால் 2450 ரூபாய் இருந்தது. 2025 செப்டம்பரில் 2545 ஆனது. எந்த மாதம் ஏறியது என்று சொன்னால் ‘வென்ட் அப்’. மாதத்தை விட்டுவிட்டு, ஏறியிருக்கிறது என்று மட்டும் சொன்னால் ‘ஹேஸ் கான் அப்’. ‘சின்ஸ்’ இல்லாத வெறும் தேதியையும் ‘ஹேஸ்’ஸையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்காதே. உரம், டீசல், அறுவடை மெஷின் வாடகை எல்லாம் ஏறிக்கொண்டேதான் இருக்கின்றன, அதற்கு ‘ஹேவ் பீன் ரைசிங்’. ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2022’ என்று நம் ஆட்கள் எல்லாரும் சொல்வார்கள். அதற்கும் மருந்து இதுதான்: ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’. அந்த 95 ரூபாயில் அப்பா கையில் என்ன மிஞ்சியது என்று ரூம்மேட் கேட்டால், அப்பாவிடமே கேட்கட்டும், போனை ரூம்மேட்டிடம் கொடுத்துவிடு. மொழிபெயர்க்கிற வேலை உனக்கு.

அப்புறம், மனித உரிமைப் பிரகடனத்தை எடுத்துப் படி. ஐ.நா. சபை 1948 டிசம்பர் 10 அன்று ஏற்றது, மொத்தமே 30 பிரிவுகள், ஒரே மூச்சில் படித்துவிடலாம். உரிமை என்றைக்கும் உள்ளது என்பதால் ‘எவ்ரிஒன் ஹேஸ் த ரைட்’ என்று சாதா நிகழ்காலத்தில்தான் போகும். யாரையும் அடிமையாக வைக்கக்கூடாது என்ற நாலாம் பிரிவில் ‘ஷால்’ வரும். 23ஆம் பிரிவு சம வேலைக்குச் சம ஊதியம். அதை வைத்து அவரிடம் கேள்: உங்கள் ஊரில் வயல் வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியா? ‘டூ தே கெட்.’ உங்கள் பாட்டி காலத்தில்? ‘டிட் தே கெட்.’ அவரும் திருப்பிக் கேட்பார். நம் பக்கம் பெண் கூலி இன்னும் குறைவுதான் என்பதைப் பூசி மெழுகாமல் சொல்லு.

‘இஃப்’ வாக்கியம்தான் உனக்குப் பெரிய தலைவலி. அதற்கு, அப்போது தஞ்சை மாவட்டத்தில் இருந்த கீழ்வெண்மணியைப் பற்றிப் பேசு. கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேரை, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், 1968 டிசம்பர் 25 இரவு குடிசையோடு எரித்தார்கள். அதற்கு 16 வருஷம் முன்பே, 1952இல், தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. இங்கே ‘ஹேட் கம்’. நியாயக் கூலிச் சட்டம் வந்தது 1969இல். சரி, அது ஒரு வருஷம் முன்னாலேயே வந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்களா? ‘இஃப் இட் ஹேட் கம்’, ‘வுட் தே ஹேவ் லிவ்ட்’. பிழைத்திருக்க மாட்டார்கள் என்பது என் கட்சி. 52 சட்டம் இருந்தும் என்ன ஆயிற்று? கூலி கேட்டதைவிட, சங்கமாகச் சேர்ந்து நின்று கேட்டதுதான் மிராசுதார்களுக்குப் பொறுக்கவில்லை. அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார், சட்டம் கையில் இருந்தால் கேட்கிற குரலே வேறு என்பார். நீ எந்தக் கட்சியானாலும் சரி, பாதியில் தமிழுக்குத் தாவாமல் வாதாடு. ஆனால் செத்தவர்களைப் பற்றிய பேச்சு, தேதியும் எண்ணிக்கையும் பிசகக்கூடாது. இலக்கணம் பிசகினால் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் பத்து நிமிஷம் ஆங்கிலம்தான். ரேஷன் அரிசியை இலவசமாகக் கொடுப்பது சரியா என்று நான் கேட்பேன், யோசித்து வை. அப்பா குறுக்கே பேசுவார், கண்டுகொள்ளாதே. முறுக்கு கூரியரில் அனுப்பியிருக்கிறேன், ரூம்மேட்டுக்கும் கொடு.

அன்புடன்,
அம்மா