புரண்டு படுக்க வலிக்கிறதா என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் மகளிர் பக்கத்தின் கேள்வி-பதில் பகுதியில் ஏழு மாத கர்ப்பிணி ஒருவர் எழுதியிருந்தார். படுக்கையில் புரண்டு படுக்க முடியவில்லை, மாடிப்படி ஏறினால் தொடை இடுக்கில் குத்துகிறது, நடக்கும்போது இடுப்பில் 'கடக்' என்று ஏதோ நகர்கிறது என்று. அதற்கு வந்த பதில் இரண்டே வரி. கர்ப்ப காலத்தில் இது இயல்புதான், நன்றாக ஓய்வெடுங்கள், பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிடும்.

என் முதல் பிரசவத்தின்போது நானும் இதே இரண்டு வரியைக் கேட்டேன். நம்பவும் நம்பினேன்.

நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஒரு நாளைக்கு ஐந்து வகுப்புகள், ஐந்தும் நின்றபடிதான். ஆறாம் மாதத்தில் ஒரு நாள் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சட்டென்று திரும்பினேன். அடிவயிற்றுக்கும் கீழே, முன்பக்க எலும்பை யாரோ இரண்டு கையாலும் பிடித்துப் பிரிப்பதுபோல ஒரு வலி. நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முகம் சுளிக்கக்கூட முடியாது. மேசையைப் பிடித்துக்கொண்டு மீதிக் கணக்கைப் போட்டு முடித்தேன்.

பகலையாவது சமாளித்துவிடலாம். இரவுதான் கொடுமை. இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, கட்டில் விளிம்பைப் பிடித்து இழுத்துத்தான் திரும்புவேன். அந்த வலிக்குப் பயந்து கழிவறைக்கு எழுந்து போவதைத் தள்ளிப்போடுவேன். ஆறு மாத வயிற்றோடு அதை எவ்வளவு நேரம் தள்ளிப்போட முடியும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். ஒற்றைக் காலில் நின்று உடை மாட்டுவது அறவே முடியாமல் போனது.

ஓய்வெடுக்கச் சொன்னார்களே என்று பத்து நாள் விடுப்பு போட்டுப் படுத்தே கிடந்தேன். பதினோராம் நாள் எழுந்தபோது வலி அப்படியே இருந்தது; காலில் இருந்த கொஞ்ச நஞ்சத் தெம்பும் போயிருந்தது. அப்புறம் நலம்விரும்பி ஒருவர் சுகப்பிரசவத்துக்கான உடற்பயிற்சி வீடியோ ஒன்றை அனுப்பினார். இரண்டு பாதங்களையும் சேர்த்துவைத்து முழங்கால்களை அகட்டி உட்கார வேண்டும், பிறகு குத்தவைத்து எழ வேண்டும். இரண்டு நாள் செய்தேன். மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அந்தப் பயிற்சியைக் குறை சொல்லவில்லை. எனக்கு இருந்த வலிக்குக் காலை அகட்டுவது ஆகாது என்று சொல்ல அப்போது ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிடும் என்றார்களே, அது பெரும்பாலானவர்களுக்கு உண்மைதான். சிலருக்கு அப்படி நடப்பதில்லை. என் குழந்தை தவழ ஆரம்பித்த பிறகும் அவள் பின்னால் வேகமாகப் போக முடியாமல் நான் தாங்கித் தாங்கி நடந்துகொண்டிருந்தேன்.

இரண்டாவது முறை ஐந்தாம் மாதமே வந்துவிட்டது. முதல் கர்ப்பத்தில் இருந்தவர்களுக்கு அடுத்ததிலும் வரும் வாய்ப்பு அதிகமாம். அது எனக்கு அப்போது தெரியாது. இந்த முறை பார்த்த மருத்துவர் வேறு ஒருவர். எடை, இரத்த அழுத்தமெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, "ராத்திரி புரண்டு படுக்கும்போது வலிக்குதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சீட்டில் பிசியோதெரபி என்று எழுதிக் கொடுத்தார். எலும்பு முறிந்தவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் போகிற இடமல்லவா அது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

அங்கே இருந்த பெண் எடுத்த எடுப்பில் என்னைத் தொடவே இல்லை. எங்கே வலி, எப்போது வலி, எந்தக் காலை ஊன்றினால் அதிகம், வேலை என்ன, பையை எந்தத் தோளில் மாட்டுகிறேன் என்று அரை மணி நேரம் கேள்விதான். பிறகு மல்லாந்து படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்காமல் ஒரு காலை ஒரு சாண் உயரம் தூக்கச் சொன்னார். கால் ஏதோ வேறொருவருடையதுபோல வரவே இல்லை. அடுத்து, தன் இரண்டு உள்ளங்கைகளாலும் என் இடுப்பை இருபுறமும் உள்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்போ தூக்குங்க" என்றார். சுலபமாக வந்துவிட்டது. எனக்கு ஆச்சரியம். இடுப்பு எலும்புகளை அணைத்துப் பிடிக்கும் வேலையைத் தசைகள் சரியாகச் செய்யவில்லை, அதனால்தான் காலின் பாரம் மூட்டில் போய் விழுகிறது என்று அப்போதுதான் விளக்கினார்.

இடுப்பு ஒரு வளையம். முன்னால் ஒரு மூட்டு, பின்னால் முதுகெலும்பின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. முன்மூட்டின் இடைவெளி சாதாரணமாக 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்குமாம். கர்ப்பத்தில் தசைநார்கள் தளர்ந்து இன்னும் 2, 3 மில்லிமீட்டர் விலகும். இது எல்லோருக்கும் நடப்பது. நன்றாக விலகியும் வலியே இல்லாதவர்கள் உண்டு. விலகல் குறைவாக இருந்தும் துடிப்பவர்கள் உண்டு. மூன்று மூட்டுகளும் ஒன்றுபோல அசையாமல் ஒரு பக்கம் கூடுதலாகப் பாரம் வாங்குவதுதான் தொல்லை. "குழந்தைக்கு இதனால ஒண்ணும் ஆகாது" என்று அவர் சொன்னபோதுதான் மூச்சு வந்தது. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த இடுப்பு வலி வருகிறது என்றும் சொன்னார். என் வகுப்பில் ஐந்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு பாடம் புரியவில்லை என்றால் 'அது இயல்புதான்' என்று நான் விட்டுவிட முடியுமா?

அவர் கற்றுக்கொடுத்ததில் பாதிக்கு மேல் பயிற்சியே இல்லை, அன்றாட அசைவுகள்தான். திரும்பிப் படுக்கும்போது முழங்கால்கள் இரண்டையும் மடக்கி, ஒட்டி இறுக்கிக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒரே கட்டையாக உருள வேண்டும். தூங்கும்போது முழங்காலிலிருந்து கணுக்கால்வரை இடையில் தலையணை. உட்கார்ந்துதான் உடை மாட்ட வேண்டும். காரிலிருந்து இறங்கும்போது இரண்டு கால்களும் சேர்ந்தே வெளியே வர வேண்டும். இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டு திரும்பலாம் என்பது அவர் சொன்ன உபாயம். படி ஏற வலியில்லாத கால் முதலில், இறங்க வலிக்கிற கால் முதலில், ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களும் சேர்ந்த பிறகே அடுத்தது. திருத்த வேண்டிய நோட்டுக் கட்டை ஒரு கையில் தூக்கிப் போவதை விட்டேன். வகுப்பில் உயரமான முக்காலி ஒன்று போட்டுக்கொண்டேன்.

பயிற்சிகள் பார்க்க ஒன்றுமில்லாதவைபோலத்தான் இருக்கும். சிறுநீரை அடக்குவதுபோல அடித்தசைகளை இறுக்கித் தளர்த்துவது. கையும் முழங்காலும் ஊன்றி நின்று, மூச்சை விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளிழுப்பது. முழங்கால்களுக்கு நடுவே தலையணையை வைத்து மெதுவாக நெருக்கி ஐந்து எண்ணுவது. வலித்தால் நிறுத்த வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு செய்யக் கூடாது.

பெல்ட் விஷயம் தனிக்கதை. என் கணவர் நல்லெண்ணத்தோடு வாங்கி வந்தது வயிற்றைத் தாங்கும் அகலப் பட்டை. எனக்குத் தேவைப்பட்டது இடுப்பு எலும்பைச் சுற்றிக் கட்டும் குறுகிய பட்டை. அதை எந்த உயரத்தில், எவ்வளவு இறுக்கமாகக் கட்டுவது என்று பிசியோதெரபிஸ்ட்தான் காட்டினார். நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும்தான் அது. படுக்கும்போது கழற்றிவிட வேண்டும்.

வலி மாயமாய்ப் போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். மூன்று வாரத்தில் இரவில் எண்ணாமல் திரும்பத் தொடங்கினேன். ஒன்பதாம் மாதம் வரை வகுப்பு எடுத்தேன். சில நாள் மோசமாகத்தான் இருந்தது. ஆனால் எதனால் மோசமானது என்று எனக்கே தெரிந்தது. முன்தினம் கடைத்தெருவில் கூடுதலாக நடந்திருப்பேன், அல்லது அலமாரியைக் காலால் தள்ளியிருப்பேன்.

பிரசவத்துக்கு முன் அவர் செய்த ஒரு காரியத்தை அவசியம் சொல்ல வேண்டும். வலியில்லாமல் என் முழங்கால்கள் எவ்வளவு தூரம் விலகுகின்றன என்று டேப்பால் அளந்து, தாளில் எழுதித் தந்தார். வலி தெரியாமலிருக்க முதுகில் ஊசி போட்டுவிட்டால் கால் எல்லை மீறி அகட்டப்பட்டாலும் நமக்குத் தெரியாது. அதனால் கூட இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரசவ அறையில் இருந்த செவிலியர் அதைப் படித்துவிட்டு என் கோப்பின் முகப்பிலேயே குத்திவைத்தார். பக்கவாட்டில் படுத்தபடியே பெற்றேன். இந்த வலிக்காக மட்டும் அறுவை சிகிச்சை தேவைப்படுவது அரிது என்பதையும் அதற்கு முன்பே எனக்குப் புரியவைத்திருந்தார்கள். இரண்டு மாதத்தில் சாதாரணமாக நடந்தேன்.

இடுப்பு வலி எல்லாமே இதுதான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரத்தப்போக்கு, நீர் கசிவு, காய்ச்சல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், விட்டு விட்டு முறையாக வரும் இறுக்கம் இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வலி மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. இபுபுரூஃபன் வகை மாத்திரைகள் 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். கர்ப்பிணிகளைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்ட்டாகத் தேடுவதும் முக்கியம்.

உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்புப் பரிந்துரைகளிலேயே முதுகு, இடுப்பு வலிக்குப் பிசியோதெரபியும் பெல்ட்டும் இடம்பெற்றிருக்கின்றன. ஆகவே நான் ஒன்றும் புதிதாகக் கேட்கவில்லை. ஒவ்வொரு பரிசோதனையிலும் எடை பார்க்கிறார்கள், இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். கூடவே, புரண்டு படுக்க வலிக்கிறதா என்ற ஒரு கேள்வியையும் கேட்கலாம். அரை நிமிடம் ஆகாது. நாமாகச் சொல்ல மாட்டோம். எல்லோருக்கும் இப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிடுவோம். நான் ஒருமுறை அப்படித்தான் இருந்தேன்.

உங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. அந்த வாசகியின் கேள்விக்கு, தகுந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரைக் கொண்டு மறுபடியும் பதில் போடுங்கள். முடிந்தால் வரும் வாரமே. அவருக்கு எட்டாம் மாதம் பிறந்திருக்கும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத கணக்கு ஆசிரியை