தங்கச்சியின் டாப்ளர் ரிப்போர்ட்

அன்புள்ள சண்முகம்,

வாட்ஸ்அப்பில் வந்த, தங்கச்சி காலின் டாப்ளர் (நாளங்களில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) ரிப்போர்ட்டைப் பார்த்தேன். பதற வேண்டாம், அதற்காகக் கிடப்பிலும் போட்டுவிடாதே. பக்கத்து வீட்டுக்காரர் ‘நரம்பு சுருட்டல்’ என்று நரம்பு டாக்டரிடம் போகச் சொன்னாராமே! பேரில்தான் நரம்பு; சுருண்டு புடைத்திருப்பது ரத்தநாளம் (வெரிகோஸ் வெயின்). பார்க்க வேண்டியது வாஸ்குலர் சர்ஜனை, அதாவது ரத்தக்குழாய் அறுவை நிபுணரை.

இந்த ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடியது ‘டீப் வெயின்ஸ்’ (ஆழ்நாளங்கள்) வரியை. ‘கம்ப்ரெசிபிள்’ என்று இருக்கிறது. ஸ்கேன் புரோபால் அழுத்தினால் நாளம் முழுதாகத் தட்டையாகிறது, உள்ளே ரத்தக்கட்டு இல்லை என்று அர்த்தம். காலின் ரத்தத்தில் பெரும்பங்கை மேலே தூக்கிவிடுவது இந்த ஆழ்நாளங்கள்தான். இவை சரியாக இருப்பதால்தான் கெட்டுப்போன மேல்நாளத்தை லேசர் வைத்துத் தைரியமாக அடைக்க முடிகிறது.

உன் அண்ணனின் பழைய ரிப்போர்ட்டில் ‘சூப்பர்ஃபிஷியல் ஃபெமரல் வெயின்’ என்று இருந்ததைக் கேட்டிருந்தாய். அந்தப் பெயர் ஒரு வில்லங்கம். தோலுக்கடியில் ஓடுவது போலத் தோன்றும். உண்மையில் அது தொடையின் ஆழ்நாளம். அதில் ரத்தக்கட்டு இருந்தால் அது டிவிடி (DVT, ஆழ்நாள ரத்தக்கட்டு), ரத்தம் உறையாமலிருக்க உடனே மருந்து தொடங்க வேண்டும். ‘மேலோட்டமானதுதானே’ என்று ஏமாந்த டாக்டர்களும் உண்டு. 2001-ல் ரோமில் கூடிய நிபுணர்கள் வெறும் ‘ஃபெமரல் வெயின்’ என்றே எழுதச் சொன்னார்கள். பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

தங்கச்சிக்குக் கோளாறு கிரேட் சஃபீனஸ் என்ற நீண்ட மேல்நாளத்தில். உள்கணுக்காலுக்கு முன்னால் தொடங்கி, காலின் உட்புறமாகவே ஏறி, கவட்டியில் ஆழ்நாளத்தோடு சேரும். அந்தச் சந்திப்பில் உள்ள வால்வு மூடவில்லை. நிற்கவைத்துக் கெண்டைச்சதையை அழுத்திக் கையை எடுத்ததும், ரத்தம் 3 விநாடி கீழே திரும்பியிருக்கிறது. அரை விநாடிக்கு மேல் போனாலே கோளாறுதான்.

கீழே ‘சி4ஏ’ என்று போட்டிருப்பதைக் கவனி, நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கான குறியீடு அது. 3 மில்லிமீட்டருக்குக் குறையாத சுருள்நாளம் மட்டும் என்றால் சி2, வீக்கம் வந்தால் சி3, தோல் கெடத் தொடங்கினால் சி4, ஆறாத புண் சி6. கணுக்காலுக்கு மேலே இருக்கும் அந்தப் பழுப்புத் திட்டு தேய்த்தால் போகாது. நாளத்துக்குள் அழுத்தம் ஏறி வெளியே கசிந்த சிவப்பணுக்களின் இரும்புக் கறை அது. அரிக்கும், ஆனால் சொறியவிடாதே. சொறிந்த இடம்தான் புண்ணாகும். களிம்பு அரிப்பை அடக்கும், வால்வை மூடாது.

காலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாக்கிங் (காலுறை) வாங்கும் முன், தங்கச்சிக்குச் சர்க்கரை இருப்பதால், பாதத்துக்குப் போகும் தமனி ஓட்டத்தைச் சோதிக்கச் சொல். ஓட்டம் குறைவாக இருந்தால் இறுக்கமான ஸ்டாக்கிங்கே ஆபத்து. அளவைக் காலையில், வீக்கம் ஏறுமுன் எடுக்க வேண்டும்: கணுக்காலில் ஒல்லியான இடம், கெண்டையில் பருத்த இடம். மாட்டியபின் மேல்விளிம்பைச் சுருட்டிவிடக் கூடாது, கயிறு கட்டினதுபோல் இறுக்கிவிடும்.

சுருள்நாளம் உடைந்து ரத்தம் பீறிட்டால் உடனே படுக்கவைத்து, காலை நெஞ்சுக்கு மேல் தூக்கி, துணியால் 10 நிமிடம் எடுக்காமல் அழுத்து. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சர்ஜன் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
ராகவன்