உன் மகளின் கட்டுரை

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள மாப்ளே,

கனடா யுனிவர்சிட்டிக்காக உன் மகள் தன்னைப் பற்றி எழுதின கட்டுரையைத் தமிழில் மாற்றி அனுப்பியிருந்தாய், இரண்டு தடவை படித்துவிட்டேன். என்ன சொல்வதென்று போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கே தெளிந்தது, அதனால்தான் பதில் தாமதம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

ஞாயிறு சாயங்காலம் நாலைந்து காலேஜ் பிள்ளைகள் எழுதிப் பழக வீட்டுக்கு வருகிறார்கள் என்று சொன்னேன் இல்லையா, அதில் பண்ருட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவள் முதலில் கொண்டுவந்தது ஒரு குறளில் ஆரம்பித்து, இரண்டாயிரம் வருஷப் பெருமையைச் சொல்லி, விடாமுயற்சி என்ற சொல்லை ஆறு இடத்தில் போட்டு முடிந்திருந்தது. அவள் மட்டும் அதில் இல்லை. காலையில் எழுந்ததும் வீட்டில் என்ன சத்தம் கேட்கும் என்று கேட்டேன். "கொட்டை உடைக்கிற சத்தம் சார்" என்றாள்.

அவள் அம்மா கூலிக்கு முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும், சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் விரல் நுனி கறுத்துத் தோல் உரிந்துவிடும். ரேஷன் கடை மெஷினில் அவருக்கு ரேகை விழாது. அம்மா ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்ததையும், புடவையில் துடைத்துத் துடைத்து மறுபடி வைத்ததையும், கடைசியில் தான் விரல் வைத்து அரிசி வாங்கியதையும் இந்த வாரம் எழுதி வந்திருந்தாள். ஒரு பக்கம்தான். 2011 டிசம்பர் 30ல் 'தானே' என்ற புயல் அடித்து இவர்கள் முந்திரித் தோப்பு சாய்ந்த பிறகுதான் அம்மா கூலிக்குப் போனார் என்பது நடுவில் ஒரே வரியாக வருகிறது. அடையாளம், விடாமுயற்சி, இரண்டு சொல்லும் ஓரிடத்தில்கூட இல்லை. எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை மாப்ளே.

சரி, உன் மகளுக்கு வருகிறேன். "இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே நிற்கிறேன்" என்று எழுதியிருக்கிறாள். அந்த வலி நிஜம், நான் இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் லண்டனில் வளர்ந்த குஜராத்திப் பெண் எழுதினாலும் இதே வரிதான் வரும். உங்கள் வீட்டுக் கதை வேறாயிற்றே. பாண்டியை பிரான்ஸ் இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16ல் நடைமுறைக்கு வந்தபோது, பாண்டியில் பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. உன் தாத்தா எழுதிக் கொடுத்தார், அவர் தம்பி கொடுக்கவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர். இதை அவளுக்குச் சொல்லியிருக்கிறாயா?

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த சொல்தா தாத்தாவின் மெடல்களை ஜூலை 13 ராத்திரி நாம் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்ப்போமே, மறுநாள் பிரெஞ்சு தேசிய தினத்துக்கு அவர் கோட்டில் அதைக் குத்திக்கொண்டு கடற்கரை நினைவுச்சின்னத்துக்கு அணிவகுப்பில் போவார், திரும்பி வந்ததும் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, வேட்டி கட்டிக்கொண்டு, பழைய சோற்றுக்கும் சுட்ட கருவாட்டுக்கும் உட்கார்வார். நடுவில் எங்கேயோ நிற்பதாக அவர் ஒருநாளும் நினைத்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்கிறவராக, இருந்துகொண்டே 1736லிருந்து 1761 வரை தமிழில் டயரி எழுதினவர். கப்பல் வந்தது, கவர்னர் இன்னது பேசினார் என்று எழுதிக்கொண்டே போகிறார், ஆள் கண்முன் வந்து நிற்கிறார். அப்படி எழுதச் சொல் அவளை.

அப்புறம், அந்தக் கட்டுரையில் நல்ல வரி ஒன்று ஒளிந்திருக்கிறது. தாத்தாவின் கடிதங்களைப் படிப்பதற்காகப் பதினைந்து வயதில் தமிழ் எழுத்து கற்றேன் என்று ஒரே வரியில் ஓடிவிட்டாள். அங்கேதான் நிற்க வேண்டும். முதல் கடிதத்தைப் படித்து முடிக்க எத்தனை நாள் ஆயிற்று, தாத்தா கையெழுத்தில் எந்த எழுத்து புரியாமல் தடுக்கியது, யாரிடம் போய்க் கேட்டாள், எல்லாவற்றையும் எழுதட்டும்.

மெடல்கள் இப்போது யாரிடம் இருக்கின்றன? உன்னிடம் என்றால் ஒருநாள் எடுத்து அவள் கையில் கொடு. புளி அங்கே கிடைக்கும்தானே?

உன்
மாப்ளே