குழாயடிச் சங்கதி

தருமபுரி,
ஞாயிறு மத்தியானம்

மாதேசு,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டு மேலே படி. முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. பெரியவளுக்கு ஓசூருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. பல்லு வாத்தியார் போன மாதம் தவறிவிட்டார். நம் செட்டில் நான் ஒருத்தன்தான் போனேன், உன் பேரைச் சொல்லியும் ஒரு மாலை போட்டேன். காசு அனுப்பு.

அப்புறம் விஷயத்துக்கு வருகிறேன். ரிட்டயர்மென்ட் பணத்தில் எட்டு போர்ஷன் கட்டினேனே, ‘வாடகைச் சக்கரவர்த்தி’ என்று நீ கூப்பிடுவாயே, அங்கேதான் வினை. புழங்குவதற்கு போர் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வரும். ஆனால் நம்மூர் ஃபுளோரைடு உனக்குத் தெரியாததா, கண்ணாடியில் உன் பல்லைப் பார். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர்தான். அதற்கு முற்றத்தில் எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய்.

போன வெள்ளிக்கிழமை மாடியில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் போர்ஷன் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரண்டு குடம் பிடித்துக்கொண்டு போனாள். அடுத்து ஆறாம் போர்ஷன் பாட்டி. வந்தவர் குடத்தை வைக்கவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் பிடித்து, குழாயின் திருகையும் மூக்கையும் நன்றாகத் தேய்த்துக் கழுவினார். அப்புறம்தான் குடம். சரி, சுத்தக்காரி என்று நினைத்தேன். அடுத்த முறை தண்ணீர் வந்தபோதும் பார்த்தேன். காலேஜ் வாத்தியார் வீட்டம்மாவுக்குப் பின்னால் வந்தபோது கழுவவில்லை.

அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கிறது. இப்போதெல்லாம் எல்லோரும் பிடித்து முடித்த பிறகுதான் குடத்தோடு வருகிறாள்.

பாட்டிக்கு எப்படித் தெரிந்தது என்கிறாயா? நான்தான். வீடு கேட்டு வந்த அன்று “எந்த ஊரும்மா?” என்றேன். சொன்னாள். “ஊரா, காலனியா?” என்று என் வாய் கேட்டுவிட்டது. “காலனிதான் சார்” என்றாள், என்னை நேராகப் பார்த்து. பாட்டி திண்ணையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, நாம் எவ்வளவு பெரிய மனுஷன் என்று இரண்டு நாள் பூரித்துத் திரிந்தேன், மாதேசு.

2012 நவம்பரில் நம் மாவட்டத்து நத்தம் காலனியைச் சாதி வெறியில் கொளுத்தினார்களே. மறுவாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சோறு இறங்காமல் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோமே. அன்றைக்கு அத்தனை பேசியதும் இதே வாய்தான். ‘காலனி’ என்கிற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025-ல் சட்டசபையில் அறிவித்தார்கள். என் வாயிலிருந்து யார் நீக்குவது?

வீட்டுக்கு ஒரு குழாய் போட இருபத்திரண்டாயிரம் ஆகும் என்கிறார் பிளம்பர். “செலவோடு போகட்டும், சண்டை இருக்காது” என்கிறாள் இவள். எனக்கு ஒப்பவில்லை. பாட்டிக்குக் கழுவுகிற வேலை மிச்சம், வேறென்ன? தனிச் சுடுகாடு வைத்தவர்களும் சண்டை வரக்கூடாது என்றுதான் சொல்லியிருப்பார்கள். அரசு கட்டிய சமத்துவபுரத்தில் நூறு வீட்டில் 40 பட்டியலினத்தாருக்கு, மற்றதை மற்ற சாதிக்காரர்களுக்கு என்று கலந்துதான் கொடுத்தார்கள். அது அரசாங்க உத்தரவு. என்னை மாதிரி வாடகைக்கு விடுகிறவனுக்கு உத்தரவு யார் போடுவது? 2017 வாடகைச் சட்டத்தையும் புரட்டினேன். குடியிருப்பவருக்குத் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக்கூடாது என்று இருக்கிறது. குழாயைக் கழுவுவதற்கு எந்தப் பிரிவைக் காட்டுவது?

பாட்டியின் மகனிடம் பேசினேன். “வயசானவங்க சார், விடுங்க” என்றான். காலி பண்ணு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். நான் சும்மா இருந்திருந்தால் பாட்டிக்கே ஒன்றும் தெரிந்திருக்காதே. அவரை அனுப்பிவிட்டு நான் நல்லவனாகிவிடுவதா?

அந்தப் பெண்ணிடம் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். மூன்று நாளாக அவள் வீட்டு வாசல்வரை போய், மோட்டார் பார்க்க வந்தவன்போல் திரும்பி வருகிறேன். நாளைக்குத் தண்ணீர் வரும். குடத்தோடு நானே இறங்கி, அவளை முன்னால் பிடிக்கச் சொல்லி அடுத்து நான் பிடிக்கலாமா என்றும் ஒரு யோசனை. அது படம் காட்டுவதுபோல் ஆகிவிடுமோ?

நீயாக இருந்தால் என்ன செய்வாய், எழுது. போனில் வேண்டாம், இவள் ஸ்பீக்கரில் போடச் சொல்வாள்.

உன்
சிவலிங்கம்